கடமையில் உயிர் நீத்த காவலர்களும் நம் கடமையும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், சங்கத்தின் வளர்ச்சியைப் பற்றியும், அதற்கு உழைத்த பெரியோர்களைப் பற்றியும் பிறர் விரிவாக எழுதுவர். நாம் ஈண்டு வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். மக்களின் அமைதிக்காகப் பணியாற்றுகையிலேயே உயிர் துறந்த காவலர்களைப் பற்றியது அப்பொருள். கல்விச் சங்கத்தின் மலரில் காவலர்களுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே.

மீமிசலிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வைகறையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நடப்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நம் தெருக்களின் இளைஞர்கள் காலணியின்றியும் ஓடிப் பழகுகிறார்கள். காவலர் தேர்வுக்கு அறிவிப்பு வந்துவிட்டால் அவ்வோட்டம் இரட்டிப்பாகிறது. எத்தனை சென்டிமீட்டர் உயரம் வேண்டும், எத்தனை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும் என்பவற்றை அவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தாம் அணிய விரும்பும் சீருடையின் வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைத்தவர் எவருமில்லை. பாடநூலிலும் அது இல்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்டோபர் 21

ஆண்டுதோறும் அக்டோபர் 21 ஆம் நாள் நாடெங்கும் காவலர் வீரவணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சென்னைக் காமராசர் சாலையிலுள்ள காவல் துறைத் தலைமை இயக்குநர் அலுவலக வளாகத்து நினைவுத்தூணிலும், மாவட்டங்களில் ஆயுதப்படைத் திடல்களிலும் அன்று மலர்வளையம் வைக்கப்படுகிறது. உயிர் நீத்தோர் நினைவாகக் குண்டுகள் முழங்குகின்றன. இந்நாள் எவ்வாறு வந்தது?

1959 ஆம் ஆண்டில் லடாக் எல்லையை இராணுவம் அன்று, காவலர்களே காத்து வந்தனர். பதினைந்தாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், புல்லும் முளைக்காத பனிமலைப் பகுதியில், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடம் உளது. அங்கிருந்து அக்டோபர் 20 ஆம் நாள் வேவு பார்க்கச் சென்ற மூன்று குழுக்களில் இரண்டு திரும்பின. இரு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் கொண்ட மூன்றாம் குழு திரும்பவில்லை. மறுநாள் கரம்சிங் என்னும் அதிகாரியின் தலைமையில் சுமார் இருபது பேர் அவர்களைத் தேடிப் புறப்பட்டனர். குன்றின்மேல் மறைந்திருந்த சீனப் படையினர் அவர்கள்மீது துப்பாக்கியால் சுட்டனர். கையெறி குண்டுகளையும் வீசினர். பத்துக் காவலர்கள் மாண்டனர். காயமுற்றோர் சிலர் சிறைப்பட்டனர். மாண்டோரின் உடல்கள் நவம்பர் 13 ஆம் நாளன்றுதான் திருப்பித் தரப்பட்டன. 1960 சனவரியில் கூடிய மாநிலக் காவல் துறைத் தலைவர்களின் மாநாடு அக்டோபர் 21 ஐ நினைவு நாளாக அறிவித்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்க ஒன்றுண்டு. அந்தப் பத்துப் பேரும் திரும்பி வராத தம் தோழர்களைத் தேடிச் சென்றவர்கள். ஒரு சுமைதூக்கியையும் சேர்த்தே அவர்கள் தேடினார்கள். நினைவு நாள் பிறந்ததே உடன் பணியாற்றியவனைக் கைவிடாத பண்பினால்தான்.

2018 அக்டோபர் 21 இல் புதுதில்லிச் சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவகம் திறக்கப்பட்டது. 30 அடி உயரமும் 238 டன் எடையும் கொண்ட ஒற்றைக் கருங்கல் அங்கு நிற்கிறது. அதனருகே உள்ள சுவரில், விடுதலைக்குப் பின் கடமையில் மாண்ட 34,000 க்கும் மேற்பட்ட காவலர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

தமிழகத்து நினைவுகள்

நம் மாநிலமும் இவ்வகையில் பெருவிலை கொடுத்துள்ளது. 1980 ஆகஸ்டு 6 இல், அன்றைய வடாற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில், கைது செய்யப்பட்டவர்களைக் காரில் கொண்டு செல்லுகையில் வெடித்த குண்டினால் ஆய்வாளர் பழனிச்சாமியும் உடனிருந்த காவலர் மூவரும் மாண்டனர். அவர்களுக்கு அந்நகரிலே நினைவுத்தூண் எழுப்பப்பட்டு, ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தப்படுகிறது.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை அறியாதார் இலர். அதே குண்டு வெடிப்பில் ஒன்பது காவலர்கள் மாண்டனர் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? காவல் கண்காணிப்பாளர் இக்பால், ஆய்வாளர்கள் ராஜகுரு, எட்வர்டு ஜோசப், சார்பு ஆய்வாளர் எத்திராஜ், தில்லியிலிருந்து வந்த மெய்க்காவலர் குப்தா ஆகியோருடன், சுந்தரராசுப் பிள்ளை, ரவி, தர்மன் ஆகிய காவலர்களும், சந்திரா என்னும் பெண் காவலரும் அவ்விடத்தில் உயிரிழந்தனர். இஸ்லாமியர், கிறித்தவர், இந்து என்ற பேதமின்றி, கண்காணிப்பாளர் முதல் கடைநிலைக் காவலர் வரை ஒரே நொடியில் ஒரே மண்ணில் வீழ்ந்தனர். தமிழகத்தில் பெண் காவலர் படை 1973 இல் ஒரு சார்பு ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர் என இருபத்திரண்டு பேரோடுதான் தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகளுக்குள் அப்படை தன் உயிர்ப்பலியையும் கொடுத்துவிட்டது.

1993 ஏப்ரல் 9 இல் வீரப்பனைத் தேடிச் சென்ற குழு பாலாறு என்னுமிடத்தில் கண்ணிவெடிக்கு இரையானது. மாண்ட 22 பேரில் காவலர்களோடு, வனக் காவலர்களும், துப்புத் தருவதற்காக உடன் சென்ற எளிய மக்களும் இருந்தனர். 2020 சனவரி 8 இல் குமரி மாவட்டத்துக் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்புச் சார்பு ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 18 இல் தூத்துக்குடி மாவட்டத்தில் குற்றவாளியைப் பிடிக்கச் சென்ற இளங்காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டுக்கு இலக்கானார். அவ்வாண்டு பரவிய கொரோனாத் தொற்றும் தெருவில் நின்ற காவலர்களை விட்டுவைக்கவில்லை. சென்னை மாம்பலம் காவல் நிலைய ஆய்வாளர் பாலமுரளி சூன் 17 இல் அந்நோயால் இறந்தார். எதிரியின் ஆயுதம் கண்ணுக்குத் தெரியாததாயினும், அதுவும் கடமையில் நேர்ந்த மரணமே.

கீரனூர் அருகே ஓர் இரவு

இவையெல்லாம் தொலைவில் நிகழ்ந்தவை என்று எண்ண வேண்டா. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்குக் கடலோரத்தில் மீமிசல் இருப்பது போல, அதன் வடமேற்கில் திருச்சிச் சாலையில் கீரனூர் இருக்கிறது. 2021 நவம்பர் 21, ஞாயிறு அதிகாலை. திருச்சி மாவட்டம் நவல்பட்டுக் காவல் நிலையத்துச் சிறப்புச் சார்பு ஆய்வாளர் பூமிநாதன் இரவு ரோந்தில் இருந்தார். இரு சக்கர வண்டியில் ஆட்டைத் திருடிச் சென்றவர்களைக் கண்டு அவர் தம் வண்டியில் துரத்தினார். நிலைய எல்லை முடிந்தது, மாவட்ட எல்லையும் முடிந்தது, அவர் விடவில்லை. கீரனூரை அடுத்த பள்ளத்துப்பட்டியருகே அவர்களை மடக்கிப் பிடித்தார். துணைக்கு ஆள் வேண்டுமென்று தொலைபேசியில் அழைத்தார். துணை வந்து சேர்வதற்குள் தலையில் வெட்டுண்டு மாண்டார்.

அவர் காக்க முயன்றது அரசுக் கருவூலத்தையன்று; ஏதோ ஓர் எளிய குடியின் ஆட்டை. ஓர் ஆட்டின் விலை என்ன என்பதை மாளிகையில் வாழ்வோர் அறியார். ஆடு விற்றுப் பிள்ளையின் கல்விக் கட்டணத்தைச் செலுத்திய தாய்மாரை நம் பள்ளியின் அலுவலக வாயிலில் பல ஆண்டுகளாகக் கண்டுவரும் நாம் அதனை நன்கறிவோம். ஏழை வீட்டின் ஆடு என்பது அவ்வீட்டின் சேமிப்பு வங்கி. அதனைத் திருடுவது சிறு குற்றமன்று. அதனை மீட்கச் சென்று மாண்டதும் சிறு மரணமன்று.

இந்நிகழ்ச்சியின் மற்றொரு பக்கம் ஆசிரியராகிய நம்மை உறங்கவிடாதது. இவ்வழக்கில் கைது செய்யப்பட்டோர் மூவர். ஒருவன் பத்தொன்பது வயது இளைஞன். மற்ற இருவரும் வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டிய பருவத்துச் சிறுவர்கள். நள்ளிரவில் ஒரு சிறுவன் சாலையில் இருக்கிறான் என்றால், அதற்கு முன் ஏதோ ஒரு பகலில் ஒரு வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள். பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வீடு செல்லும் நம் சங்கத் தொண்டர்கள், தாம் செய்வது காவல் பணியும்தான் என்பதை உணர வேண்டும்.

நடுகல் மரபு

கள்வர் கவர்ந்த கால்நடையை மீட்கச் சென்று மாண்டவனைத் தமிழர் எவ்வாறு போற்றினர்? கல் நட்டுப் பெயர் பொறித்து வணங்கினர். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதைக் கரந்தை என்று நம் இலக்கணம் கூறும். நடுகல்லுக்குரிய கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரையிலான நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. 2006 இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்குரியது. நம் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையிலும் அத்தகைய தமிழ்ப் பிராமிக் கல்லொன்று கிடைத்துள்ளது. ஆநிரைப் பூசலில் உயிர் துறந்த கணங்குமரன் என்னும் வீரனின் பெயரை அக்கல் தாங்கி நிற்கிறது.

அக்கல்லில் பெயர் கண்டவன் மன்னனல்லன். மன்னர்களின் பெயர்களில் எத்தனையோ மண்ணில் மறைந்து போயின. மாடு மீட்கச் சென்றவனின் பெயர் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. ஆகவே அக்டோபர் 21 ஆம் நாளில் மலர்வளையம் வைக்கும் வழக்கம் ஆங்கிலேயரிடமிருந்து நாம் கற்றதாயினும், அதன் உட்பொருள் இம்மண்ணுக்குப் புதியதன்று.

பெயர் எழுதப்படாத காவலர்கள்

இனி நம் சமுதாயத்தின் நிலைக்கு வருவோம். காவல் பணி நமக்கு நேற்று வந்ததா? அன்று. ஆங்கிலேயர் 1859 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்தில் இன்றைய காவல் துறையை அமைப்பதற்கு முன்னும் ஊர்தோறும் காவல் இருந்தது. 1816 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை, மணியம், கணக்கு ஆகியோரோடு தலையாரியையும் ஊர்க் காவலின் உறுப்பாக ஏற்றது. தலையாரியாகவும் வெட்டியாராகவும் நீர் பாய்ச்சுவோராகவும் இருந்து, களத்து நெல்லையும், கண்மாய்க் கரையையும், ஊர் எல்லையையும் இரவெல்லாம் காத்தவர்களுள் பெருந்தொகையினர் நம் முன்னோர். எல்லைத் தகராறு வந்தால் எல்லை எது என்று சொல்லும் வாய்மையும் அவர்களுக்கே உரியதாயிருந்தது. காத்த நெல்லில் அவர்களுக்குக் கிடைத்தது களத்துக் கூலி. காத்த ஊரில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ஊருக்கு வெளியே. பாம்பு கடித்தும், வெள்ளத்தில் கரையை அடைக்கையிலும், கள்வரை எதிர்த்தும் மாண்டவர் எத்தனை பேரோ! அவர்களுக்குக் கல் நட்டவர் யார்? பெயர் எழுதியவர் யார்?

பெயர் எழுதப்படுவதன் அருமையை நன்குணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். மராட்டியத்தில் பீமா கோரேகாவ் என்னும் சிற்றூரில் 1818 சனவரி 1 இல் நடந்த போரில் மாண்ட கும்பினிப் படையினருக்கு ஒரு தூண் நிறுவப்பட்டது. அதில் பொறிக்கப்பட்ட 49 பெயர்களில் 22 மகர் குலத்தாருடையவை. அதே குலத்தாரை 1892 இல் ஆங்கில அரசு படையில் சேர்க்காமல் நிறுத்தியது. சுபேதார் மேஜரின் மகனாகப் பிறந்த அண்ணல், 1927 சனவரி 1 இல் அத்தூணின் முன் சென்று நின்று தம் மக்களிடம் உரையாற்றினார். நாட்டுக்காக உயிர் கொடுக்கத் தகுதியுடையவன் நாட்டின் பணியிலும் பங்கு கேட்கத் தகுதியுடையவன் என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம். அரசமைப்புச் சட்டத்தின் 16 ஆம் உறுப்பு பிற்காலத்தில் அப்பாடத்தைச் சட்டமாக்கியது. இன்று தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கு அரசுப் பணியில் 18 விழுக்காடு இடம் உண்டு. அதனுள் 2009 முதல் 3 விழுக்காடு அருந்ததியருக்கு உரியது. 1991 இல் அமைக்கப்பட்ட சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் நம் பிள்ளைகள் ஊர்க் களத்தை விட்டு நாட்டுக் காவலுக்கு வந்துள்ளனர்.

ஓர் எதிர்வினா

"காவல் துறையால் நாம் பட்ட துன்பங்கள் போதாவா? அவர்களுக்காக நாம் ஏன் தலை வணங்க வேண்டும்?" என்று நம் இளைஞர் சிலர் கேட்பர். இவ்வினாவை அடக்கிவிடுவது கல்விச் சங்கத்துக்கு அழகன்று. 1968 டிசம்பர் 25 இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான இரவில் அவர்களைக் காக்கக் காவல் வந்து சேரவில்லை. 1992 இல் வாச்சாத்தி மலைவாழ் மக்கள்மீது கொடுமை இழைத்தோருள் வனத் துறையினரோடு காவல் துறையினரும் இருந்தனர். 2011 இல் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. 2023 இல் உயர்நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்தது. 2011 செப்டம்பர் 11 இல், தியாகி இமானுவேல் சேகரனின் நினைவு நாளன்று, நமக்கு அண்மையிலுள்ள பரமக்குடியில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் உயிர்கள் பறிபோயின. இவற்றை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம்.

ஆயினும் ஒன்றை நினைப்பதற்காக மற்றொன்றை மறக்க வேண்டுவதில்லை. உத்தரப் பிரதேசத்துச் சௌரி சௌராவில் 1922 பிப்ரவரி 4 இல் மக்கள் கூட்டத்தின்மீது காவலர் சுட்டனர். சினங்கொண்ட மக்கள் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தனர். இருபதுக்கும் மேற்பட்ட காவலர் வெந்து மாண்டனர். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். பின்னர் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். இன்று அவ்வூரில் மாண்ட காவலர்க்கும் நினைவுச் சின்னம் உண்டு. தூக்கிலேறிய போராளிகளுக்கும் நினைவுச் சின்னம் உண்டு. ஓர் ஊரின் மண் இரண்டு கற்களையும் தாங்குகிறது. நம் நெஞ்சம் தாங்காதா?

மேலும், சீருடையின் மானத்தைக் காப்பதும் கெடுப்பதும் அதனை அணிபவரே. 2020 சூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு உள்ளாகி மாண்டபோது, அந்நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதை நடுவரிடம் அஞ்சாது எடுத்துரைத்தார். துப்பாக்கியின் முன் நிற்பது ஒரு வீரம். உடன் பணிபுரிவோரின் முன் உண்மையைச் சொல்வது அதனினும் அரிய வீரம். 2008 நவம்பர் 26 இரவு மும்பையில், உதவிச் சார்பு ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே கைத்தடியோடு நின்று பயங்கரவாதியின் துப்பாக்கிக் குழலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு மாண்டார். அவருடைய தியாகத்துக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. மாநகரையே காத்த அவர் கீழ்நிலையிலிருந்து உயர்ந்த ஓர் எளிய காவலரே.

ஆதலின் நம் மரியாதை துறைக்கு அன்று. கடமையைக் கடமையாகச் செய்து மாண்ட மனிதர்க்கு. அவர்களை நினைப்பதால் நம் குறைகளைச் சொல்லும் உரிமையை நாம் இழப்பதில்லை. மாறாக, காவலர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று கேட்பதற்கு அந்நினைவே நமக்கு அளவுகோலாகிறது. ஏழையின் ஆட்டுக்காக எல்லை கடந்து துரத்தியவரை ஒருமுறை போற்றிவிட்டால், ஏழையின் மனுவை வாங்க மறுப்பவரை நோக்கி, "அவரும் இச்சீருடையைத்தானே அணிந்திருந்தார்?" என்று நாம் கேட்கலாமன்றோ?

நாம் செய்யத்தக்கவை

சொல்லோடு நின்றுவிடாமல், நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, சங்க அலுவலகத்தில் ஒரு பெயரேடு திறக்கப்பட வேண்டும். மீமிசல் வட்டாரத்திலிருந்து காவல் துறை, இராணுவம், தீயணைப்புத் துறை, ஊர்க்காவல் படை ஆகியவற்றில் பணியாற்றிய நம்மவர் பெயர்களையும், முதியோர் நினைவிலிருக்கும் பழைய தலையாரிகளின் பெயர்களையும் அதில் எழுத வேண்டும். எழுபது, எண்பது வயதுடைய பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் மறைந்தால் அப்பெயர்களும் மறைந்துபோம். நமக்குக் கல் நட ஒருவரும் வரவில்லையென்று வருந்துவதைவிட, நம் கையிலுள்ள எழுதுகோலால் நாமே நடுவது மேல்.

இரண்டாவது, அக்டோபர் 21 ஆம் நாளன்று நம் மாலை நேரப் பயிற்சி மையத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கடமையில் மாண்ட காவலர் சிலரின் வரலாற்றை மாணவரைக் கொண்டே படிக்கச் செய்ய வேண்டும். அவர்களின் குடும்பத்தாருக்குக் கருணை அடிப்படையில் வேலையும் நிதியும் அரசு அளிக்கிறது. அவற்றைப் பெற விண்ணப்பம் எழுதத் தெரியாத விதவைத் தாய்மார்க்கு எழுதிக்கொடுப்பதும், தந்தையை இழந்த பிள்ளையின் படிப்பு இடையில் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் நம்மால் இயலும்.

மூன்றாவது, காவலர் தேர்வுக்குப் பயிலும் இளைஞர்க்கு ஓட்டப் பயிற்சியோடு சட்டப் பயிற்சியும் தரப்பட வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமெனினும், அத்துடன் நின்றுவிடாது பட்டம் பெற்றுச் சார்பு ஆய்வாளர் தேர்வுக்கும், அதற்கு மேல் தொகுதி ஒன்றின் வழியே துணைக் கண்காணிப்பாளர் பதவிக்கும் முயல வேண்டும். 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்தல் வேண்டும் என்பது 1995 ஆம் ஆண்டு விதி. அந்நாற்காலியில் நம் பிள்ளையொருவர் அமர்வது, நூறு கண்டனக் கூட்டங்களுக்கு இணையான பயனைத் தரும்.

இளைஞர்களே! நாளை நீங்கள் காக்கிச் சீருடை அணியும் நாளில், உங்கள் தோளில் இரு கடன்கள் ஏறும். கீரனூரிலும் களியக்காவிளையிலும் மாண்டவர்கள் விட்டுச் சென்ற பணி ஒன்று. நிலைய வாயிலில் நாள் முழுதும் நின்று, மனுவைக் கொடுக்க அஞ்சித் திரும்பிய உங்கள் பாட்டன், பாட்டியர்க்கு நீங்கள் பட்ட கடன் மற்றொன்று. தயங்கி நிற்கும் எளியோரை "உட்காருங்கள் ஐயா, என்ன குறை?" என்று கேட்பீர்களாயின் இரண்டு கடனும் ஒருங்கே தீரும். அதற்குரிய கல்வியையும் உரத்தையும் நம் சங்கம் உங்களுக்கு வழங்குவதாக. கடமையில் மாண்டோர் புகழ் நிலைபெறுக! நம் கல்விச் சங்கம் பொன்விழாவும் காண்க!